கௌபாய்க்கு நடந்த கால்கள்

பம்பாயில் என் காலடிச் சத்தம் எனக்குக் கேட்பதில்லை. தாராவியில் எங்கள் சந்திலிருந்து சயான் பஸ் நிறுத்தம் வரை தினமும் காலையில் நடக்கிறேன். சிமெண்டு, கடப்பைக்கல், சாக்கடையை மூடிய இரும்புத் தகடு, யாரோ காயவைத்த சாக்கு என்று எல்லாவற்றின் மேலும் கால் விழுகிறது, எதிலும் புதைவதில்லை. சத்தம் எழும்புவதற்குள் ஒரு டெம்போவின் ஹாரனோ, மாடியில் ஓடுகிற தையல் மெஷினோ, குக்கர் விசிலோ அதை விழுங்கிவிடுகிறது. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இங்கே இருக்கிறவர்களுக்கோ இது கவனத்திலேயே வராது. எனக்கு மட்டும் இது வினோதமாகப் படுவதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்தவர்களுக்குக் காலடிச் சத்தம் செய்து கொடுப்பதுதான் என் தொழில்.

செம்பூரில் ஒரு பழைய கட்டிடத்தின் தரைத்தளத்தில் எங்கள் ஸ்டூடியோ இருக்கிறது. சினிமாவில் ஒருவர் நடக்கும்போது நீங்கள் கேட்கிற காலடி பெரும்பாலும் அவருடையது அல்ல. படப்பிடிப்பில் மைக் வசனத்தைப் பிடிக்கவே பாடுபடும். காலடி, சேலை உரசல், டம்ளரை மேஜையில் வைக்கிற சத்தம் எல்லாவற்றையும் பிறகு ஓர் அறைக்குள் படத்தைப் பார்த்துக்கொண்டே புதிதாகச் செய்து சேர்ப்பார்கள். ஃபோலி என்று பெயர். எங்கள் அறையின் தரையில் பெட்டி பெட்டியாகப் பள்ளம் வெட்டியிருக்கும். ஒன்றில் மணல், ஒன்றில் ஜல்லி, ஒன்றில் மரப்பலகை, ஒன்றில் மார்பிள். கதவை அடைத்து, ஏ.சி.யை நிறுத்திவிட்டு, திரையில் நடக்கிறவரின் காலோடு என் கால் சேர்ந்து விழும்படி நடப்பேன். கோபத்தில் மாமியார் பாத்திரத்தைப் போடுவதும், கதாநாயகி மாடிப்படி இறங்கி வருவதும், நர்ஸ் வராண்டாவில் ஓடுவதும் நான்தான். என் முகத்தை எந்தத் திரையிலும் நீங்கள் பார்த்திருக்க முடியாது. என் காலை நிச்சயம் கேட்டிருப்பீர்கள்.

கல்யாணமாகித்தான் தாராவிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் செல்வராஜ் தோல் பை தைக்கிற பட்டறையில் தோல் வெட்டுகிறவர். நான் முதலில் ஸ்டூடியோவுக்குள் போனது குரல் கொடுக்க. தமிழில் டப் ஆகிற படங்களில் கூட்டம் கத்துகிற காட்சிக்குப் பத்துப் பெண்கள் வேண்டும் என்று எங்கள் சந்திலிருந்து கூட்டிப் போனார்கள். கத்தி முடித்தபின் மற்றவர்கள் கிளம்பிவிட, பக்கத்து அறையில் ஒருவர் புடவையைச் சுற்றிக்கொண்டு கொலுசோடு நடப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்தான் சாவந்த். மராத்திக்காரர், நல்ல உயரம், அடர்ந்த மீசை. அந்த மீசையோடு மணப்பெண்ணாக நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்து, "தாயி, தூ கர்" என்று, அதாவது நீ செய் என்று, கொலுசை நீட்டினார். எனக்குக் கோபம் வந்தது. அவரைவிடப் பத்து வயதாவது சிறியவள் நான், என்னைப் போய்த் தாயி என்கிறாரே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மராத்தியில் அது அக்காவைக் கூப்பிடுகிற மரியாதைச் சொல் என்பது பிறகுதான் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் "வாளூ ஆண்" என்றார். நான் அலமாரியில் இருந்த சண்டைக் காட்சி வாளை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவர் என்னையும் வாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தரையில் கிடந்த மணலைக் கையில் அள்ளிக் காட்டினார். மராத்தியில் வாளூ என்றால் மணல், ஆண் என்றால் கொண்டு வா. மணலிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு மணல் என்ற சொல் புரியாமல் போனதை நினைத்து இன்றைக்கும் நாங்கள் சிரிப்பதுண்டு.

மணலிலேயே பிறந்தவள் என்று சும்மா சொல்லவில்லை. திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையில் தேரிக்காடு என்று ஒன்று இருப்பது அந்தப் பக்கத்து ஆட்களைத் தவிர அதிகம் பேருக்குத் தெரியாது. கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல். ஆடிக்காற்றில் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். நேற்றுப் போன தடம் இன்றைக்கு இருக்காது. அங்கங்கே பனை, முள் நிறைந்த உடை மரம், முந்திரி காய்க்கிற கொல்லாமரம். தண்ணீர் எடுக்க மணல் மேட்டைத் தாண்டிப் போக வேண்டும். நானும் அம்மாவும் தெருப் பெண்களும் குடத்தோடு வரிசையாகப் போவோம். மத்தியானத்தில் மணல் மேலே கொதிக்கும், நாலு விரல் கீழே குளிர்ந்திருக்கும். காலை மேலாக வைத்தால் சுடும். விரலை ஊன்றிக் கொஞ்சம் உள்ளே விட்டு எடுக்க வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சூடுதான் சொல்லித் தந்தது.

நாங்கள் பார்த்த தமிழ்ப் படங்களில் கிராமம் என்றால் வயல், வாய்க்கால், ஆலமரம். கதாநாயகன் வரப்பில் ஓடி வருவான், கதாநாயகி ஆற்றில் குளிப்பாள். எங்களுக்கு வரப்பும் இல்லை, ஆறும் இல்லை. அந்தப் படங்களில் எங்கள் ஊர் மாதிரி ஒரு நிலம் வந்தால், அது யாரையாவது கொன்று புதைக்கிற இடமாகத்தான் இருக்கும். ஒருமுறை பக்கத்து ஊர்க் கொட்டகையில் ஓர் இங்கிலீஷ் கௌபாய் படம் போட்டார்கள். அண்ணன் என்னைக் கூட்டிப் போனான். திரை திறந்ததும் சிவந்த மணல், வெடித்த பாறை, ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளி. தூரத்தில் ஒரு புள்ளி. அது மெதுவாகப் பெரிதாகி, குதிரையாகி, குதிரை மேல் ஆளானது. தரையில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் யாரோ, "ஏல, இது நம்ம தேரியில்லா" என்றார். கொட்டகையே சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு சந்தோஷம் இருந்தது. எங்கள் நிலம் மாதிரி ஒரு நிலத்திலிருந்து ஒரு கதாநாயகன் வர முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தோம். ஒரு சொல்லும் புரியாமல் படம் முழுவதையும் பார்த்தோம். புரிய வேண்டியதும் அதிகம் இல்லை. அவன் எங்கள் ஊர் ஆண்களைப் போலவே பேசாமல் இருந்தான்.

இந்தத் தொழிலுக்கு வந்தபின் அந்த மாதிரிப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். முதலில் சத்தத்துக்காக. பிறகு, அந்த நாயகன் ஏன் அப்படி இருக்கிறான் என்று யோசிப்பதற்காக. அவன் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதை ஸ்டைல் என்று சொல்லுவார்கள். அந்த வெயிலில் நின்றவர்களுக்குத் தெரியும், வேறு மாதிரி பார்க்க முடியாது. அவன் குறைவாகப் பேசுவது திமிர் அல்ல, நாக்கு வறண்டிருக்கிறது. ஒரு ஆள் வருவது அங்கே வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். வருகிறவன் நல்லவனா கெட்டவனா என்று அவன் நடையையும் குதிரையையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். அதனால்தான் அவன் அசையாமல் நிற்கிறான், பார்க்கிறான், கடைசியில்தான் கையை எடுக்கிறான். ஒளிய இடமில்லாத நிலம் ஒளியாத மனிதனை உண்டாக்குகிறது. கிணறு யாருடையது என்பதில்தான் பாதிக் கதை இருக்கும். அதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படங்களில் எனக்கு ஒப்பாத விஷயமும் உண்டு. அந்த மண்ணில் முதலிலிருந்தே வாழ்ந்தவர்களைக் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வருகிற எதிரிகளாகவே பல படங்களில் காட்டுகிறார்கள். பெண்கள் கதவோரம் நின்று அவன் போவதைப் பார்க்கிறார்கள். நிலம் அவனை மட்டுமா செய்தது? அந்தக் கதவோரத்துப் பெண் எத்தனை தூரம் நடந்து தண்ணீர் எடுத்து வந்திருப்பாள் என்று எந்தப் படமும் சொல்லவில்லை.

இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தவளிடமே ஒரு கௌபாய் படம் வேலைக்கு வந்தது. பழைய படம். செல்போனில் படம் காட்டுகிற ஒரு நிறுவனத்துக்காகத் தமிழிலும் இந்தியிலும் டப் செய்ய வேண்டும். பிரச்சினை என்னவென்றால், அந்தப் படத்தில் வசனமும் மற்றச் சத்தங்களும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. இங்கிலீஷ் வசனத்தை எடுத்தால் குதிரைக் குளம்பும் கதவும் காலடியும் சேர்ந்தே போய்விடும். ஆகவே படம் முழுவதற்கும் எல்லாச் சத்தத்தையும் நாங்கள் புதிதாகச் செய்ய வேண்டும். எங்கள் சின்ன ஸ்டூடியோவுக்கு இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. சாவந்தும் நானும் கல்யாண வீட்டுக்குத் தயாராகிற மாதிரி தயாரானோம். மாட்டுங்கா மார்க்கெட்டில் நல்ல முற்றிய தேங்காயாகப் பார்த்து வாங்கினேன். குதிரைக் குளம்புக்குச் சிரட்டையைவிட நல்லது இன்னும் வரவில்லை. சேணம் கிறீச்சிடுவதற்கு என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து கனமான தோல் துண்டுகள் கொண்டு வந்தார். வழக்கப்படி ஆண்களின் காலடி சாவந்துக்கு, பெண்களுடையது எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். கதாநாயகன் நடக்கிற காட்சிகளை முதலில் எடுப்பதாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் சாவந்த் மழையில் சறுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார்.

எங்கள் ஸ்டூடியோவின் பொறுப்பாளர் மேனன் செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த மலையாளி. என்னிடம் தமிழில்தான் பேசுவார். நல்ல மனிதர். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"லட்சுமி, தப்பா எடுத்துக்காதீங்க. ஹீரோ ஸ்டெப்புக்கு அந்தேரிலேந்து ஒருத்தரை வரச் சொல்லப் போறேன்."

"நான் நடக்கேன் சார்."

"நீங்க லேடீஸ் ஸ்டெப் பண்ணுங்க. ஹீரோன்னா ஒரு வெயிட் வேணும். முதல் ரீல் அவங்களுக்குப் பிடிக்கலேன்னா படத்தையே வேற இடத்துக்குக் கொண்டு போயிடுவாங்க."

"ஒரு சீன் நடந்து காட்டுதேன். பிடிக்கலேன்னா கூப்பிடுங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். நான் அன்று மத்தியானம் சயானில் ஆஸ்பத்திரிக்குப் போய் சாவந்தைப் பார்த்தேன். அந்தக் கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்தபோது எனக்குள் ஒரு சங்கடம் இருந்தது. அவர் நடக்க முடியாமல் கிடக்கிறார், அவருடைய நடையை நான் கேட்டு வந்திருக்கிறேன். அவருக்கு அது வலிக்குமோ என்று தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் கட்டிலில் கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தார். பிறகு இந்தியில் சொன்னார். அந்தேரிக்காரன் வந்து ஹீரோவுக்கு நடந்தால் அடுத்த படத்துக்கும் அவனே வருவான், தாயி. நீ நடந்தால் அந்த இடம் நம்மிடமே இருக்கும். சொல்லிவிட்டுப் போனை எடுத்து மேனனைக் கூப்பிட்டார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று முழுக்கக் கேட்கவில்லை. முடிவில் என் பக்கம் திரும்பி, "தூ சல்" என்றார். நீ நட.

சாவந்தின் பூட்ஸ் எனக்குத் தொளதொளவென்று இருந்தது. துணியைத் திணித்துப் பார்த்தேன். அடி வைத்தபின் குதிகால் தனியாக ஒரு முறை தட்டியது, ஒரு ஆளுக்குப் பின்னால் இன்னொரு ஆள் வருகிற மாதிரி. வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் என் காலைப் பிடித்து ஒரு பழைய அட்டையில் வைத்து அளவெடுத்தார். அவர் பைக்குத் தோல் வெட்டுகிறவர், செருப்பு தைக்கிறவர் அல்ல. ஆனால் தாராவியில் நமக்குத் தெரியாத வேலை எதுவானாலும் அது தெரிந்தவர் ஒரு சந்து தள்ளி இருப்பார். பூட்ஸ் அச்சு ஒரு பட்டறையில் கிடைத்தது, அடித்தோல் இன்னொன்றில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் பூட்ஸ் தயாராகிவிட்டது. அதைக் கையில் தூக்கிப் பார்த்தேன், கனத்தது.

"உள்ள என்ன வச்சிருக்கீய?"

"குதிகால்ல ரெண்டு இரும்புத் தகடு. ஆம்பளை எடை வேணுமின்னு சொன்னாவல்லா உங்க சாரு" என்றார்.

திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு மணல் பெட்டியில் நின்றேன். கதாநாயகன் குதிரையை விட்டு இறங்கி, அந்த ஊரின் ஒரே தெருவில் நடந்து வருகிற காட்சி. ஊரே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு காலாகச் சரியாகச் சேர்ந்து விழுந்தது. ஒரு அடிகூடப் பிசகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேனன் மைக்கில், "கரெக்டாதான் இருக்கு. ஆனா அவன் மாதிரி இல்லையே" என்றார். மறுபடி நடந்தேன். மறுபடியும் அதே. மூன்றாவது முறை பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டு அவர் கொஞ்சம் யோசித்துச் சொன்னார்.

"தலையில ஏதோ வச்சிட்டு நடக்கற மாதிரி கேக்குது, லட்சுமி."

எனக்குச் சுருக்கென்றது. மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். உண்மைதான். மணலில் கால் வைத்ததும் என் உடம்பு அதற்குத் தெரிந்த நடையை நடந்துவிட்டது. சின்னச் சின்ன எட்டு, ஒரே சீர், குடம் தளும்பக் கூடாது, முன்னால் போகிறவளின் காலில் இடிக்கக் கூடாது. அந்தத் தெருவில் நடக்கிறவன் தலையில் ஒன்றும் இல்லை. அவனுக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை. சுமை இல்லாமல் ஒரு வெட்டவெளியில் நான் என் ஆயுளில் நடந்ததே இல்லை என்பது அந்த அறையில் நிற்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊரில் குடம். இங்கே ஒரு கையில் பை, ஒரு கையில் பிள்ளை, பஸ்ஸுக்கு ஓட்டம். வருத்தம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஆணின் நடையைக் கற்பது என்பது கனத்தைச் சேர்ப்பது என்று நானும் என் வீட்டுக்காரரும் நினைத்திருந்தோம். அது இறக்கி வைப்பதாக இருந்தது.

மேனன் ஒரு நாள் அவகாசம் தந்தார். படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு அந்த நாயகனின் இடுப்பையும் தோளையும் பார்த்தேன். அவன் அவசரப்படவே இல்லை. போய்ச் சேர வேண்டிய இடம் அரை நாள் முன்பே கண்ணுக்குத் தெரிகிற நாட்டில் அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது? எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு காலையும் முழுதாக வைத்து, அது நின்றபின்தான் அடுத்ததை எடுக்கிறான். தாராவியில் அப்படி நடந்து பழக இடம் இல்லை. இரண்டாவது அடியில் யாராவது வந்து இடிப்பார்கள், அல்லது ஓரம் போகச் சொல்வார்கள். ஆகவே மறுநாள் காலையிலேயே வீட்டுக்காரரும் நானும் மாட்டுங்காவில் தோட்டங்கள் இருக்கிற பக்கம் போனோம். சேலைக்குக் கீழே பூட்ஸ். மரத்தடியில் நான் கையைத் தொங்கவிட்டு மெதுவாக நடப்பதும் திரும்புவதுமாக இருந்தேன். உலாவ வந்த ஒரு வயதான பெண்மணி நின்று, "க்யா ஹுவா பேட்டி, பாவ் மே சோட் லகி?" என்று கேட்டார். காலில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த இந்தியில், "நஹி மாஜி, பிக்சர் கா காம்" என்றார். சினிமா வேலை என்றதும் அந்த அம்மாள் சட்டென்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, கேமரா எங்கே என்று மரத்துக்கு மரம் தேடினார். எனக்கு வந்த சிரிப்பில் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. அந்தத் தளர்ச்சியோடு நடந்து பார்த்தேன். "இப்பம் கேட்டா யாரோ ஒருத்தன் வார மாதிரி இருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

அடுத்த நாள் அந்தத் தெருக்காட்சியை எடுத்தோம். மேனன் அடுத்த காட்சிக்குப் போகச் சொன்னார். அந்தேரிக்கு அவர் போன் செய்யவில்லை. நான் உள்ளேயே நின்று தண்ணீர் குடித்தேன்.

படத்தின் உயிர் இன்னொரு காட்சியில் இருந்தது. நாயகனின் குதிரை நடுப் பாலையில் செத்து விழுந்துவிடுகிறது. அவன் சேணத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் இல்லாமல், அடுத்த கிணறு வரை நடக்கிறான். பேச்சு கிடையாது, இசை கிடையாது. காற்றும் அவன் காலும்தான். இதைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். அந்த அறைக்குள் போனபோது எனக்குப் பயமே இல்லை. முன்பு என்னைத் தோற்கடித்த நடை இப்போது தேவைப்பட்டது. சாதாரணமாக இப்படிப்பட்ட காட்சிக்குக் காலைத் தூக்கிப் போட்டு, மணலை இழுத்து, பெரிதாகச் செய்வார்கள். சுமையோடு மணலில் நடக்கிறவர்கள் காலைத் தூக்குவதில்லை. தூக்கினால் திரும்ப வைக்கிற தெம்பு வேண்டும். மணலைக் கலைக்காமல் நழுவிப் போவார்கள். சுடுகிற மேல்மணலை விரலால் தள்ளி உள்ளே ஊன்றுவார்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஒரு கால் மட்டும் கூடுதலாகப் புதையும், ஏனென்றால் சுமையைத் தோள் மாற்றுகிறார்கள். திரையில் அந்த நடிகன் தோள் மாற்றிய இடங்களில் எல்லாம் என் கால் அதற்குக் கொஞ்சம் முன்பே தயாராக இருந்தது. பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, மெல்லிய தோல் செருப்போடு நடந்தேன். ஒரு மணல் மேட்டின் உச்சியில் அவன் நின்று தூரத்தில் கிணற்றைப் பார்க்கிறான். அங்கே நானும் நின்றேன். எனக்கு முன்னால் வரிசையில் போகிற அம்மாவின் முதுகு தெரிந்தது. அந்தக் கணத்தில் நான் யாருக்காக நடக்கிறேன் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. நிலம் கதாநாயகனைச் செய்கிறது என்றால், எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி இருந்தாள். அவர்களுக்கு யாரும் குதிரை கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஊன்றுகோலோடு சாவந்த் ஸ்டூடியோவுக்கு வந்த அன்று அந்தக் காட்சியை மேனன் அவருக்குப் போட்டுக் காட்டினார். படம் வேண்டாம், சத்தம் மட்டும் போடு என்றார் சாவந்த். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் கதவருகில் நின்றேன். முடிந்தபின்னும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. "ஹா மாணூஸ் தஹான்லேலா ஆஹே" என்றார், மெல்ல. இந்த ஆளுக்குத் தாகமாக இருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் எந்தச் சொல்லும் எனக்கு மராத்தியில் இவ்வளவு சரியாகப் புரிந்ததில்லை. மேனன் எழுந்து போய் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்தார், சாவந்த் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து. மூன்று பேரும் சிரித்தோம். சாவந்த் அந்தத் தண்ணீரை என்னிடம் கொடுத்தார்.

படத்தை அவர்கள் வேறு எங்கும் கொண்டு போகவில்லை. அதே கம்பெனியின் அடுத்த படமும் எங்களிடம்தான் வந்தது. சாவந்த் நாற்காலியில் உட்கார்ந்து கையால் செய்கிற சத்தங்களைச் செய்தார், நான் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடந்தேன். இப்போது அவருடைய முழங்கால் ஓரளவு தேறிவிட்டது. மாடிப்படிகள் எனக்கு, சமதளம் அவருக்கு என்று பிரித்திருக்கிறோம். தாராவியிலிருந்து வருகிறேன் என்று சொன்னால் முகத்தில் ஓர் இரக்கத்தைக் கொண்டுவருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் பேச்சை மாற்றுவேன். இப்போது மாற்றுவதில்லை. கௌபாய்க்கு நடந்தது நான், அவனுக்குப் பூட்ஸ் செய்தது என் வீட்டுக்காரர், அது தாராவியில் செய்தது என்று சொல்லிவிடுகிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும். கடினமான இடத்திலிருந்து வருகிறவர்களை ஒன்று பாவம் என்பார்கள், இல்லாவிட்டால் முரடு என்பார்கள். அந்த நிலம் கையிலும் காலிலும் எதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

படம் வெளியான ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் அதைப் போட்டோம். என் மகள் கவிதா கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். டப்பிங் தமிழ் அவளுக்குச் செய்தி வாசிப்பது போல இருக்கிறதாம். ஆகவே அவள் இந்தியில் போட்டாள். அதே நேரத்தில் ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தான். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான், தமிழில்.

"ஏட்டி, எது நீ?"

"கால் மட்டும்தான் அண்ணே. அந்த ஆளு நடக்கயில எல்லாம் நாந்தான்."

"வாயத் திறக்கமாட்டக்கானே ஒங்க ஆளு" என்றான். போனை டிவி பக்கத்தில் வைத்துவிட்டதாகச் சொன்னான். நான் என் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறையில் நாயகன் இந்தியில் பேசினான். காதில் தமிழில் பேசினான். ஒன்றின் மேல் ஒன்று ஏறி இரண்டுமே புரியவில்லை. கவிதா, "அம்மா, போனை வை, டயலாக் சுனாயி நஹி தேதா" என்று சலித்துக்கொண்டாள், வசனம் காதில் விழவில்லையாம். நான் வைக்கவில்லை. பிறகு குதிரை விழுந்தது. அவன் சேணத்தைத் தோளில் போட்டான், பேச்சு நின்றது. அறையிலும் காதிலும் காற்று மட்டும். நடக்க ஆரம்பித்தான். கவிதா திரும்பி என் காலைப் பார்த்தாள். அந்தப் பக்கம் அண்ணன், "ஏளா, சத்தம் போடாத, மணல்ல நடக்கா" என்று தன் பெண்டாட்டியிடம் சொல்வது கேட்டது. நடக்கான் என்று சொல்லவில்லை, பெண்ணைச் சொல்வதுபோல் நடக்கா என்றுதான் சொன்னான். இரண்டு வீட்டிலும் ஒரே கால்தான் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் ஒன்றாக விழவில்லை. தாராவியில் ஒரு கால் ஊன்றிய பிறகு, ஒரு மூச்சு தள்ளி, ஊரில் அதே கால் ஊன்றியது.